தறிக்குழியில் ஓடும் கால் வாசற்படியில் ஏன் நிற்கிறது?

வாசகியின் கடிதம்:

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு 67 வயது. லுங்கித் தறி நெய்பவர். 4 வருஷமாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. வாசற்படி, கழிவறைக் கதவு, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள சந்து, இந்த இடங்களில்தான் அதிகம். ஆனால் தறிக்குழியில் இறக்கி உட்கார வைத்தால் ஒரு மணி நேரம்கூட மிதிக்கிறார். கால் நிற்பதே இல்லை, கை நடுக்கமும் குறைகிறது. போன வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் பம்பைக்காரர்கள் பக்கத்திலேயே பத்துக் கடை தூரம் நடந்தார். "வேலைக்குக் கால் வருது, கூப்பிட்டா வரலையா? அப்பா நடிக்கிறாரு" என்று என் வீட்டுக்காரர் கத்துகிறார். மாமா பதில் பேசாமல் நிற்கிறார். மூளை உத்தரவு போடுகிறது, உடம்பு கேட்கிறது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? தறியில் போகிற உத்தரவு வாசலில் ஏன் போகவில்லை? நோய் முற்றிவிடும் என்று தறியை நிறுத்தச் சொல்கிறார்கள், நிறுத்திவிடலாமா? வருகிற வைகாசிக்கு மறுபடியும் சிரசுக்கு அழைத்துப் போகலாமா?

பதில்:

அம்மா, உங்கள் மாமனார் நடிக்கவில்லை. இந்த ஒரு வரியை உங்கள் வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு மேலே படியுங்கள். வேலூரில் இருபது வருஷத்துக்கு மேலாக நரம்பு நோயாளிகளுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுத்து வருகிறேன். "கட்டிலில் இருந்து எழுந்தா நடக்க மாட்டேங்குறாரு, மாடிப்படி மட்டும் விறுவிறுன்னு ஏறுறாரு" என்று சந்தேகத்தோடு சொல்லாத குடும்பம் குறைவு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமான விஷயமே இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று.

2010-இல் நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர்கள் இரண்டு பேர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 58 வயது, பத்து வருஷப் பார்க்கின்சன். நாலு எட்டு வைப்பதற்குள் உறைந்து நின்றுவிடுவார், பிடித்துக்கொள்ளாவிட்டால் விழுவார். அவரை ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கிளம்பியவர் ஒழுங்காக மிதித்துப் போய், வளைந்து திரும்பியும் வந்தார். இறங்கிய மறுநொடி கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. வீடியோவோடு மருத்துவ இதழில் வெளிவந்த பிறகு உலகம் முழுக்க மருத்துவர்கள் அதைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டுத் தறிக்குழியில் நீங்கள் பார்ப்பதும் அதேதான்.

உத்தரவு விஷயத்துக்கு வருகிறேன். மேலே ஒரு முதலாளி உட்கார்ந்து ஒவ்வொரு தசைக்கும் சீட்டு எழுதி அனுப்புகிற மாதிரி பாடப் புத்தகம் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஓரளவுக்குத்தான் அது சரி. ஒரு எட்டு எடுத்து வைக்க இடுப்பு, முழங்கால், கணுக்கால், முதுகு, கழுத்து என்று எத்தனை தசைகள் எத்தனை நேரக் கணக்கில் சேர வேண்டும்! ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உத்தரவு போட்டு நடப்பதென்றால் நம்மால் தெருமுனை வரைகூடப் போக முடியாது. 1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டீன் என்ற அறிஞர், சுத்தியல் அடிக்கும் தொழிலாளிகளின் கையில் சிறு விளக்குகளைக் கட்டிப் படம் பிடித்தார். கைதேர்ந்தவர் நூறு முறை அடித்தாலும் சுத்தியல் முனை ஏறக்குறைய ஒரே பாதையில் வருகிறது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு கணக்கில் அசைகின்றன. தோள் கொஞ்சம் பிசகினால் மணிக்கட்டு அதைச் சரிக்கட்டிவிடுகிறது. மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு அது செய்வதில்லை. உறுப்புகள் ஒன்றையொன்று பார்த்து அனுசரித்துப் போகின்றன. நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் அடவும் மிருதங்கமும் சேருகிற மாதிரி. அவருக்கு இவர் அடிக்கிறாரா, இவருக்கு அவர் ஆடுகிறாரா என்று விடிய விடியப் பார்த்தாலும் உங்களால் சொல்ல முடியாது.

வேலூர்க்காரி என்பதால் இங்கே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1940களின் கடைசியில் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். மணிக்கட்டை நிமிர்த்துகிற தசை ஒன்றின் நாணை எடுத்து விரல்களுக்கு இழுத்துக் கட்டுவது அவர் செய்த முறைகளில் ஒன்று. கட்டுப் பிரித்த புதிதில், நோயாளி மணிக்கட்டைத் தூக்க நினைத்தால்தான் விரல் அசையும். பயிற்சி ஏற ஏற, டம்ளரைப் பிடிக்க நினைத்தாலே விரல் தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். எந்தத் தசை எந்த விரலை இழுக்கிறது என்பது அவருக்கு மறந்தே போய்விடும். உடம்புக்குப் புரிகிற பாஷை 'டம்ளர்' என்பதுதான், 'தசை' என்பது இல்லை. எங்கள் தொழிலின் பாதி இதற்குள் அடங்கிவிட்டது என்பேன்.

இனி தறிக்கு வருவோம். 1665-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானி (இவரும் நெதர்லாந்துக்காரர்) உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். ஒரே மரத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் எதிரே. ஒன்றின் ஊசல் இடப்பக்கம் போகும்போது மற்றது வலப்பக்கம். நாள் முழுக்கப் பிசகவே இல்லை. அவர் வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் மறுபடி பழைய ஜோடி சேர்ந்துகொண்டன. இரண்டையும் தூரமாகப் பிரித்து வைத்தால் சேரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஆடிய அந்த மரம்தான் இரண்டுக்கும் நடுவே சேதி சொல்லிக்கொண்டிருந்தது.

உங்கள் தறியின் இரண்டு மிதிகளையும் பாருங்கள். ஒன்றை அழுத்தினால் கயிறும் மேலே உள்ள உருளையும் சேர்ந்து மற்றதைத் தூக்கிக் கொடுக்கின்றன. வலது கால் இறங்கினால் இடது கால் ஏறியே ஆக வேண்டும். அந்தக் கயிறு இரண்டு காலுக்கும் நடுவே ஓடுகிற ஹைகன்ஸ் மரம். உங்கள் மாமனாரின் மூளை இப்போது செய்யத் தடுமாறுகிற ஒரு வேலையை, அதாவது 'இது முடிந்தது, அடுத்தது நீ' என்று காலுக்குக் கால் முறை வைக்கிற வேலையைத் தறி எடுத்துக்கொண்டுவிடுகிறது. நாடா அடிக்கிற சத்தமும் அச்சு வந்து மோதுகிற சத்தமும் தாளம் போடுகின்றன. ஐம்பது வருஷப் பழக்கம் வேறு. சைக்கிள் பெடலும் இப்படித்தான், ஒன்று கீழே போனால் மற்றது மேலே வரும். அந்த 58 வயதுக்காரர் ஓட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவருடைய மருத்துவர்களும் கருதினார்கள்.

வாசற்படியில் மரமும் இல்லை, கயிறும் இல்லை, தாளமும் இல்லை. முறை வைக்க வேண்டியது மூளை மட்டும்தான்.

அது ஏன் அங்கே தடுமாறுகிறது? நடையின் அடிப்படைத் தாளம் மூளையின் மேல்மாடியில் உருவாவதில்லை. முதுகுத்தண்டுக்குள்ளேயே அதற்கான நரம்புச் சுற்றுகள் இருக்கின்றன. 1966-இல் ரஷ்யாவில், பெருமூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையை ஓடும் பட்டையில் நிறுத்தி, நடுமூளையில் ஓரிடத்தில் சிறு மின்தூண்டல் கொடுத்தார்கள். பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட நடை ஓட்டமாகி, ஓட்டம் பாய்ச்சலாகியது. 'முன்னங்காலை இப்படி வை' என்று யாரும் சொல்லித் தரவில்லை. மேலிருந்து 'கிளம்பு', 'வேகம்', 'நில்' என்கிற அளவுக்குச் சொன்னால் போதும், கீழே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் 'கிளம்பு'வையும் 'அடுத்தது'வையும் வழக்கமான காரியங்களில் நாம் யோசிக்காமலே எடுத்துக் கொடுப்பது மூளையின் அடியில் உள்ள நரம்பு முடிச்சுகள். அதற்கு அவற்றுக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். பார்க்கின்சனில் அந்த டோபமின் சுரக்கும் செல்கள் அழிகின்றன. நடுக்கம் வெளியே தெரியும் நேரத்துக்குள் அந்த முடிச்சுகளுக்குப் போகும் டோபமினில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

இங்கே இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருங்கிணைப்பு கெட்டது என்றதும் செல்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன என்று நினைப்போம். பார்க்கின்சனில் நடப்பது கிட்டத்தட்ட எதிர்மாறு. அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகின்றன! அறுவை சிகிச்சையின்போது அந்த முடிச்சுகளுக்குள் மின்முனை வைத்துப் பார்த்தால், செல்கள் கூட்டமாக வினாடிக்கு 13 முதல் 30 முறை என்ற கணக்கில் ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருக்கும். மாத்திரை வேலை செய்தால் அந்தக் கூட்டுத் துடிப்பு தளர்கிறது, உடம்பும் இளகுகிறது. ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் ஒரே கோஷத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த வேலை பேச இடம் எங்கே? ஆரோக்கியமான மூளையில் செல்கள் சேரும், பிரியும், வேறு ஆட்களோடு சேரும். இதயம் மாதிரி ஓர் உறுப்பில் செல்கள் ஒன்றாகவே துடிக்க வேண்டும். மூளைக்கு அது ஆகாது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு விளையாட்டு. ஸ்காட் கெல்சோ என்ற விஞ்ஞானி 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனை இது, காசு செலவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேஜை மேல் வைத்து, ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் ஒரே பக்கமாக ஆட்டச் சொல்லுங்கள். இரண்டும் இடப்பக்கம், இரண்டும் வலப்பக்கம். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும். ஒரு கட்டத்தில் விரல்கள் தடுமாறும். அடுத்த நொடி, அவர் கேட்காமலேயே, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இரண்டும் உள்ளே, இரண்டும் வெளியே என்று மாறிவிடும். மறுபடி வேகத்தைக் குறைத்தாலும் தானாகப் பழையபடி திரும்பாது. ஹெர்மன் ஹாக்கன் என்ற ஜெர்மன் இயற்பியலாளரோடு சேர்ந்து கெல்சோ 1985-இல் இதற்குக் கணக்குச் சமன்பாடே எழுதினார். மெதுவான வேகத்தில் இரண்டு விதமும் நிலைக்கும், வேகம் ஏறினால் ஒன்றுதான் நிலைக்கும். விரல் மாறியதும் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "நீங்க போட்ட உத்தரவை உங்க விரலே கேக்கலையே, நீங்க நடிச்சீங்களா?"

(நீங்கள் கேட்டால் சண்டை வரும் என்றால், நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லுங்கள்.)

நானே செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், உறைந்து நின்ற ஒரு பெரியவரிடம் "வலது காலைத் தூக்குங்க ஐயா, முட்டியை மடக்குங்க, இப்ப முன்னாடி வைங்க" என்று பக்கத்தில் நின்று உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டேன். அவர் பாதம் அதே இடத்தில் படபடவென்று நடுங்கியது, உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. தாங்கிப் பிடித்தேன், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். நல்ல வேளை, அடி இல்லை. எழுந்ததும் அவர் மனைவி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, "தாண்டு" என்றார். தாண்டினார்! படிப்பு இல்லாத அந்த அம்மாள் கண்டுபிடித்து வைத்திருந்ததை, லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967-லேயே தரையில் வெள்ளைக் கோடுகள் போட்டுக் காட்டியிருக்கிறார் என்று பிறகுதான் படித்தேன். மாடிப்படி ஏறுவதன் ரகசியமும் இதுவே. ஒவ்வொரு படியும் 'இதுவரை தூக்கு' என்று கண்ணுக்கு ஒரு குறி. கண் வழியாகவோ காது வழியாகவோ வருகிற அடையாளம், பழுதான முடிச்சுகளை ஓரளவு சுற்றிக்கொண்டு வேறு பாதையில் காலுக்குப் போய்ச் சேருகிறது.

ஆகவே வீட்டில் இதைச் செய்யுங்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கழிவறைக் கதவுக்கு முன்னாலும், தரையின் நிறத்துக்கு எடுப்பான டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டுங்கள். கோட்டுக்குக் கோடு ஏறக்குறைய ஒன்றரை அடி, அவர் எட்டுக்குப் பொருந்தும்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டுவதுதான் வேலை, நடப்பது இல்லை. டேப்பின் ஓரம் எழும்பினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அதிலேயே தடுக்கும். பீரோவைத் தள்ளிப் போட்டுச் சந்தை அகலமாக்குங்கள்.

உறைந்து நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் மேல் உடம்புதான் வரும், கால் வராது. "நில்லுங்க மாமா, நிமிருங்க" என்று ஒரு முறை சொல்லுங்கள். பாரத்தை இடமும் வலமுமாக இரண்டு மூன்று தடவை மெல்ல ஆட்டிவிட்டு, லேசான காலை எடுத்து ஒரு பெரிய எட்டு வைக்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், மாட்டு வண்டி திரும்புகிற மாதிரி வட்டமாக வரட்டும். வாசலைக் கடக்கும் நேரத்தில் அவரிடம் எதையும் கேட்காதீர்கள், கையில் காபி டம்ளரும் வேண்டாம். இரண்டு வேலை சேர்ந்தால் கால்தான் முதலில் கைவிடும். கத்தலும் அதே கணக்குத்தான். பதற்றத்தில் உறைவு கூடும்.

தாளத்துக்கு உங்கள் வீட்டிலேயே வழி இருக்கிறது. அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் 15 வினாடிக்கு எத்தனை எட்டு வைக்கிறார் என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். செல்போனில் மெட்ரோனோம் என்ற, சீராகத் தாளம் தட்டிக்கொண்டே இருக்கிற இலவசச் செயலியில் அந்த எண்ணை வைத்து ஓடவிட்டு, ஒரு தட்டுக்கு ஓர் எட்டு என்று தினம் கொஞ்ச நேரம் கூடத்தில் நடக்க வையுங்கள். யாராவது ஒருவர் பக்கத்திலேயே வர வேண்டும். மெட்ரோனோம் சத்தம் அவருக்குப் பிடிக்காவிட்டால் அவர் தறிச் சத்தத்தையே பதிவு செய்து பாருங்கள், அதன் வேகம் அவர் நடைக்கு ஒத்துவந்தால். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முயற்சி செய்வேன்.

தறியை நிறுத்தாதீர்கள். மிதிப்பதால் நோய் முற்றாது. உடல் உழைப்பு இந்த நோய்க்கு நல்லது, தவிர அவருக்கு மிச்சம் இருக்கிற கெத்து அந்தக் குழியில்தான் இருக்கிறது. எனக்குக் கவலை குழியில் இறங்குவதும் ஏறுவதும்தான். அந்த இரண்டு நேரத்திலும் விழுவார்கள். சுவரிலோ தூணிலோ அசையாத கைப்பிடி ஒன்று அடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் குழியின் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். இந்த நோயிலும் இந்த மாத்திரையிலும் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஆள் இல்லாத நேரத்தில் தனியாக இறங்க வேண்டாம்.

இதெல்லாம் கைத்தாங்கல்தான், மருந்துக்கு மாற்று இல்லை. ஒரு நோட்டில் பத்து நாளைக்கு எழுதுங்கள்: மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, கால் ஒட்டிய மணி. அடுத்த மாத்திரை நேரம் நெருங்கும்போதுதான் அதிகம் ஒட்டுகிறது என்றால், நேரத்தையும் அளவையும் மாற்றிப் பார்க்க உங்கள் நரம்பியல் மருத்துவருக்கு அந்த நோட்டு பெரிய உதவி. மாத்திரை லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறுகிற மருந்து) வகை என்றால் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வோம், ஏனென்றால் பருப்பு, முட்டை, பால் இவற்றின் புரதம் மருந்து உறிஞ்சப்படுவதோடு போட்டி போடும். குமட்டல் இருந்தால் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருப்பார், அதையே கேளுங்கள். யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொல்வார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். அதனாலேயே மாத்திரையோடு சேர்த்து நீங்களாகக் கொடுக்கக் கூடாது, அளவு கூடி கை கால் தன்னிச்சையாக நெளியத் தொடங்கலாம்.

சிரசு விஷயம். அழைத்துப் போங்கள். பம்பைச் சத்தம் அவருக்கு மெட்ரோனோமைவிட நல்ல மெட்ரோனோம். ஆனால் கோயில் வாசல் நெரிசலில் வேண்டாம், அங்கே பத்து வாசற்படி ஒன்றாக வந்த மாதிரி இருக்கும். ஊர்வலம் அகலமான தெருவில் வரும் இடமாகப் பார்த்து, மாத்திரை போட்டு அவர் நன்றாக இருக்கும் நேரத்தில், பம்பைக்காரர்களுக்குப் பக்கவாட்டில் சேர்ந்துகொள்ளட்டும். மேளம் நிற்கும் இடத்தில் காலும் நின்றுவிடலாம், அதற்கு ஒரு மடக்கு நாற்காலி கையில் இருக்கட்டும். அதைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலையை உங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.